அட்-ஹாக் நெட்வொர்க்கில் ஒரு ஹாப் தாண்டினால் சர்வீஸ் தெரியவில்லை

ஒற்றை_ஆன்டெனா:
வணக்கம். கொஞ்சம் லினக்ஸ் போர்டுகள், ஆக்சஸ் பாயின்ட் கிடையாது, எல்லாம் வைஃபை அட்-ஹாக் முறையில் நேரடியாகப் பேசிக்கொள்கின்றன. ரூட்டிங்குக்கு, அதாவது போர்டு விட்டுப் போர்டு போக வழி கண்டுபிடிக்க, ஓஎல்எஸ்ஆர் என்ற புரோட்டோகால். மூன்று ஹாப் தள்ளி (நடுவில் இரண்டு போர்டுகள் கைமாற்றிவிட வேண்டும்) இருக்கும் போர்டுக்கு பிங் ஒழுங்காகப் போகிறது, ஆனால் அதில் ஓடும் மேப் சர்வரை, சர்வீஸ்களைத் தானாகத் தேடிக் காட்டும் அவாஹி புரோகிராம் காட்டவே மாட்டேன் என்கிறது. பக்கத்தில் கொண்டுவந்து வைத்தால் உடனே வருகிறது. மையமாக ஒரு போர்டை வைத்து எல்லாரையும் அதில் பதியச் சொல்லலாம்தான், அந்தப் போர்டே நகர்ந்து போய்விட்டால்?

பாக்கெட்_பிரியன்:
அவாஹி மேல் தப்பில்லை. அது கேட்கும் எம்டிஎன்எஸ் (சர்வர் இல்லாமல் பெயர், சர்வீஸ் தேடும் முறை) கேள்வி 224.0.0.251 என்ற மல்டிகாஸ்ட் (ஒரே நேரத்தில் பலருக்குப் போகும்) முகவரிக்கு, 5353 போர்ட்டில் போகிறது. 224.0.0 என்று தொடங்குவதெல்லாம் ஒரே லிங்குக்குள், அதாவது ஒரு ஹாப்புக்குள், அடங்க வேண்டியவை, எந்த ரூட்டரும் அதைத் தாண்டி விடாது. உங்களிடம் ஒவ்வொரு போர்டுமே ரூட்டர். பிங் யூனிகாஸ்ட், ஒரே ஒருவருக்கு மட்டும் போவது, அதனால் போய்ச் சேர்கிறது.

சும்மா_வந்தேன்:
அவாஹியில் ரிஃப்ளெக்டரை ஆன் செய்தால் போதாதா?

மெஷ்_கிறுக்கன்:
போதாது. ரிஃப்ளெக்டர் ஒரு இன்டர்ஃபேஸில் வந்ததை இன்னொன்றில் விடும், இவரிடம் இருப்பது அநேகமாக ஒரே ரேடியோ. சரி, கேட்டவரெல்லாம் திருப்பிச் சொல்லட்டும் என்று நாமே ஒரு புரோகிராம் எழுதினாலும் வம்புதான்: வைஃபையில் பிராட்காஸ்டுக்கு (எல்லாருக்கும் பொதுவாக அனுப்புவதற்கு) ஏசிகே, அதாவது 'கிடைத்தது' என்ற பதில், கிடையாது, மோதி விழுந்தால் மறுமுறை அனுப்பவும் மாட்டார்கள், போதாக்குறைக்கு வேகமும் பெரும்பாலும் அடிமட்ட ரேட்தான், அதனால் பத்துப் பேர் ஒரே நேரத்தில் கத்தினால் சேனலே நின்றுவிடும். ஓஎல்எஸ்ஆர் இதற்காகத்தான் எம்பிஆர் என்று சில அண்டை நோடுகளை மட்டும் தேர்ந்தெடுத்து அவற்றை மட்டும் திருப்பி அனுப்பச் சொல்கிறது. அந்த வண்டியிலேயே சர்வீஸ் விவரத்தையும் ஏற்றுங்கள். ஓஎல்எஸ்ஆரை ஓட்டும் ஓஎல்எஸ்ஆர்டி புரோகிராம் வைத்திருந்தால் நேம்சர்வீஸ் என்ற பிளகின் இருக்கிறது, பெயர், போர்ட், ஒரு வரி விளக்கம் எல்லாவற்றையும் நெட்வொர்க் முழுக்கப் பரப்பும். தனி டைரக்டரி தேவையில்லை.

ஒற்றை_ஆன்டெனா:
பிளகின் வேலை செய்கிறது, நன்றி! ஆனால் அணைத்துவிட்ட போர்டும் பட்டியலில் அப்படியே உட்கார்ந்திருக்கிறதே?

மெஷ்_கிறுக்கன்:
டைம்அவுட் முடியும்வரை இருக்கும். அதைக் குறைக்கலாம், ஆனால் கூடவே அறிவிப்பு இடைவெளியையும் குறைக்க வேண்டும், டிராஃபிக் ஏறும். என்னைக் கேட்டால், காட்டுவதற்கு முன் ரூட்டிங் டேபிளில் அந்த ஐபிக்கு வழி இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் மறைத்துவிடுங்கள். ஒரே சர்வீஸை இரண்டு பேர் தந்தால் ஹாப் குறைந்தவரை எடுக்கவும் அதே டேபிள் போதும்.

பாக்கெட்_பிரியன்:
எப்போதாவதுதான் தேடுவீர்கள் என்றால் அறிவித்துக்கொண்டே இருப்பது வீண். ஏஓடிவி என்ற ரூட்டிங் புரோட்டோகால் வழி தேடுவதைப் போல டிடிஎல் (எத்தனை ஹாப் வரை போகலாம் என்ற எண்) 1, 3, 5, 7 என்று வட்டத்தைப் பெரிதாக்கிக்கொண்டே கேட்கலாம், பக்கத்திலேயே கிடைத்தால் தூரத்தில் இருப்பவர்களுக்குத் தொந்தரவில்லை.

இரவுப்பறவை:
இவ்வளவு எதற்கு? பேட்மேன்-அட்வ் என்ற லினக்ஸ் ரூட்டிங் மாட்யூலைப் போட்டால் மொத்த மெஷ்ஷும் (போர்டுகளின் வலை) ஒரே சுவிட்ச் மாதிரி தெரியும், அவாஹி அப்படியே ஓடும். எம்டியூவை (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு, பைட்டில்) மட்டும் 1532-க்கு ஏற்றிவிடுங்கள். போர்டுகள் நூற்றுக்கணக்கில் போனால் ஒவ்வொரு எம்டிஎன்எஸ் பாக்கெட்டும் எல்லா மூலைக்கும் போகும், அப்போது மெஷ்_கிறுக்கன் சொல்வதுதான் சரி.