மீனவர் குப்பத்துக்கு அடுக்குமாடி: சிங்கப்பூர் கணக்கு இங்கே செல்லுமா?

கீழக்கரையான்: புயல் கூண்டு ஏறினாலே பாம்பன் கரையோரக் குடிசைச் சனத்தை முகாமுக்கு ஏத்துறோம். சிங்கப்பூரில் 1961 மே 25 அன்று புக்கிட் ஹோ சுவீ கம்பத்தில் (குடிசைக் குடியிருப்பு) தீப்பிடிச்சு சுமார் 16,000 பேர் வீடிழந்தாங்க. 1960இல் தொடங்கிய அரசு வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) எரிந்த இடத்திலேயே மாடி வீடு கட்டியது. இன்னைக்கு அங்கே பத்தில் எட்டுப் பேர் அளவுக்கு வீவக வீட்டில்தான். இங்கே என்ன தடை?

மண்டபம் வலைக்காரன்: காக்கா (அண்ணே), கட்டடத்தை மட்டும் பார்க்கிறீங்க. 1966 நில எடுப்புச் சட்டத்தை வச்சு சந்தை விலைக்குக் கீழே நிலத்தை எடுத்தாங்க. 1968இல், சம்பளத்தில் பிடிக்கிற மத்திய சேமநிதியிலிருந்து தவணை கட்டலாம்னு விட்டாங்க. மாசச் சம்பளக்காரனுக்கு அது சரி. ஏப்ரல் 15லிருந்து 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுக் கூலி எதை எடுத்துக் கட்டுவான்? அதோட அங்கே வீடு 99 வருஷக் குத்தகை. நம்ம சனம் கேட்கிறது பட்டா.

கீழக்கரையான்: தவணையை சீசன் பார்த்து வாங்கினால் போச்சு. பட்டா இருந்தும் கூரை பறக்குதே தம்பி.

மண்டபம் வலைக்காரன்: கூரை போனா மறுபடி போட்டுக்கலாம், தொழில் போனா? சிங்கப்பூரில் செமாக்காவ் பக்கத்துத் தீவுகளில் மீன்பிடிச்ச குடும்பங்களையும் பெருநிலத்து அடுக்குமாடிக்குத்தான் மாத்தினாங்க. 1999இல் அங்கே குப்பைக் கிடங்கு திறந்தாச்சு. நாலாம் மாடியில் இருக்கிறவன் வலையை எங்கே காயப்போடுவான், ஐஸ் பெட்டியை எப்படி இறக்குவான்? அங்கேயே பழைய பிளாக்குகளில் லிஃப்ட் சில மாடியில்தான் நிற்கும். 2001க்கு அப்புறம்தான் மாடிக்கு மாடி நிற்க வச்சாங்க.

தொண்டி சைட் இன்ஜினியர்: ரெண்டு பேரும் தரைத்தளத்தை விட்டுட்டீங்க. வீவக பிளாக்கில் கீழ்த்தளம் திறந்தவெளி. கல்யாணம், சாவு எல்லாம் அங்கேதான். இங்கேயும் தூண் மேல நிறுத்திக் கீழே வலை, என்ஜின் வச்சுக்கலாம், புயல் அலையும் உள்ளே புகுந்து வெளியே போயிடும். ஆனா ரெண்டு மாடிக்கு மேல வேண்டாம், கரையை விட்டும் தள்ளக் கூடாது.

என் பயம் கம்பிக்கு. கடற்கரைச் சூழலுக்கு ஐ.எஸ். 456 (காங்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை) கேட்பது குறைஞ்சது எம்30 வலிமைத் தரக் காங்கிரீட், கம்பிக்கு மேல 45 மி.மீ. காங்கிரீட் மூடல், அதாவது கவர். அலைத் தெளிப்பு படுற இடம்னா எம்35, 50 மி.மீ. வீட்டுக்குள்ள போடுற 20 மி.மீ. கவர் பிளாக்கையே (கம்பிக்கு அந்த இடைவெளி விட வைக்கிற சின்னக் கட்டை) வெளித்தூணுக்கும் வச்சு, உப்புக் கிணத்துத் தண்ணியில் கலவை போட்டா, கம்பி துருப்பிடிச்சு ஊதி காங்கிரீட்டைப் பிளக்கும். முதல்ல தூண் மூலையில் நெட்டுக்கு விரிசல் தெரியும். அதுமேல சிமெண்ட் பூசி மறைச்சா உள்ளே துரு ஓடிக்கிட்டேதான் இருக்கும்.

மண்டபம் வலைக்காரன்: ரெண்டு மாடி, கரையிலேயேன்னா பேசலாம். பராமரிப்புப் பணம் யார் வசூலிப்பாங்க? அங்கே நகர மன்றம் மாசாமாசம் வாங்குது.

கீழக்கரையான்: ஏலக்கூடத்தில் பிடிச்சுக்கலாம்.

மண்டபம் வலைக்காரன்: ஏலத்தில் ஏற்கனவே கமிஷன் பிடிக்கிறாங்க காக்கா. அதுக்கு மேலயா?