கனடாவுக்குப் புதிதாக வந்தவர்களின் பங்கு, டிவிடெண்ட், ஃபண்ட் கேள்விகள்

"எந்தப் பங்கு வாங்கலாம் அண்ணா?" என்றுதான் எல்லாரும் ஆரம்பிக்கிறார்கள். வந்த முதல் இரண்டு வருஷத்துக்கு அதைவிட முக்கியமான கேள்வி, எந்தக் கணக்கில் வாங்குவது என்பது. ஒரே பங்கு தரும் ஒரே டிவிடெண்ட் (கம்பெனி பங்குதாரருக்குத் தரும் லாபப் பணம்) டிஎஃப்எஸ்ஏவில் (வரியில்லாச் சேமிப்புக் கணக்கு) ஒரு தொகையாகவும் ஆர்ஆர்எஸ்பியில் (ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கு) வேறொரு தொகையாகவும் கைக்கு வரும். அடிக்கடி வரும் கேள்விகளையும் பதில்களையும் இங்கே சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: 2024 நவம்பரில் டொராண்டோவில் இறங்கினேன். டிஎஃப்எஸ்ஏவில் 1,02,000 டாலர் வரை போடலாம் என்று பேங்கில் சொன்னார்கள். ஊரில் நிலம் விற்ற பணம் இருக்கிறது, மொத்தமாகப் போட்டுவிடட்டுமா?

போடாதீங்க தம்பி. அந்த 1,02,000, 2009இலிருந்து இங்கேயே குடியிருந்து, அப்போதே 18 வயது முடிந்திருந்தவருக்கு 2025 வரை சேர்ந்த கணக்கு. உங்களுக்கு நீங்கள் இறங்கிய வருஷத்திலிருந்துதான் இடம் (பணம் போடும் வரம்பு) சேரும். நல்ல சேதி என்னவென்றால், நவம்பரில் வந்தாலும் அந்த வருஷத்துக்கு முழு 7,000 உண்டு. மாதக் கணக்குப் பார்த்துக் குறைக்க மாட்டார்கள். 2024க்கு 7,000, 2025க்கு 7,000, ஆக 2025இல் உங்கள் வரம்பு 14,000.

50,000 போட்டுவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதிகப்படி 36,000. அதற்கு மாதம் 1 சதவீதம், அதாவது மாதம் 360 டாலர் அபராத வரி, வெளியே எடுக்கும்வரை ஓடிக்கொண்டே இருக்கும். தெரிந்த அன்றைக்கே எடுத்துவிடுங்கள்; மாதம் மாறினால் இன்னொரு 360. அடுத்த ஜூன் 30க்குள் ஆர்சி243 படிவம் தாக்கல் செய்து வரியைக் கட்ட வேண்டும்.

சிஆர்ஏ (கனடா வரித்துறை) இணையதளத்தில் காட்டும் எண்ணை மட்டும் நம்பி உட்காராதீர்கள். போன வருஷம் போட்டது, எடுத்தது எல்லாவற்றையும் பேங்குகள் பிப்ரவரி கடைசிக்குள்தான் அனுப்பும். ஜனவரியில் பார்த்தால் பழைய எண் இருக்கலாம். ஒரு தாளில் நீங்களே கணக்கு வையுங்கள். இன்னொரு வழக்கமான தவறு: மார்ச்சில் 5,000 எடுத்து, ஆகஸ்டில் அதே 5,000ஐத் திரும்பப் போடுவது. எடுத்த தொகைக்கான இடம் அடுத்த ஜனவரி 1ஆம் தேதிதான் திரும்பக் கிடைக்கும்.

கேள்வி: ஆர்ஆர்எஸ்பியில் எவ்வளவு போடலாம்?

முதல் வருஷம் இடமே இருக்காது. முந்தைய வருஷம் கனடாவில் கணக்குக் காட்டிய சம்பாத்தியத்தில் 18 சதவீதம்தான் இந்த வருஷத்து இடம். உச்சவரம்பு 2025க்கு 32,490. சம்பளம் குறைவாக இருந்தாலும் வரிக்கணக்கைத் தாக்கல் செய்யுங்கள், இல்லாவிட்டால் இடம் பதிவாகாது.

கேள்வி: அமெரிக்கக் கம்பெனிப் பங்குகள் வைத்திருக்கிறேன். 100 டாலர் டிவிடெண்ட் என்று அறிவித்தார்கள், 85தான் வந்தது. மீதி எங்கே?

அமெரிக்கா வழியிலேயே பிடித்துக்கொண்டது. புரோக்கரிடம் டபிள்யூ-8பென் (நீங்கள் அமெரிக்கர் அல்ல என்று சொல்லும்) படிவம் கொடுத்திருந்தால் 15 சதவீதம், கொடுக்காவிட்டால் 30. அந்தப் படிவம் கையெழுத்திட்ட வருஷத்துக்குப் பின் மூன்றாவது வருஷம் டிசம்பர் 31 வரை செல்லும். திடீரென்று 85க்குப் பதில் 70 வந்தால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

பிடித்த 15ஐத் திரும்பப் பெற முடியுமா என்பது கணக்கைப் பொறுத்தது. சாதாரண முதலீட்டுக் கணக்கில், முழு 100ஐயும் வருமானமாகக் காட்டி, டி2209 படிவத்தில் 15ஐ வரிக்கழிவாகக் கேட்கலாம். டிஎஃப்எஸ்ஏவில் அந்த 15 போனது போனதுதான். கனடா அந்தக் கணக்கில் வரியே போடாததால் கழிக்க எதுவும் இல்லை. ஆர்ஆர்எஸ்பியில் அமெரிக்கச் சந்தையில் பட்டியலான பங்கையோ ஈடிஎஃப்ஐயோ (பங்குபோலவே சந்தையில் வாங்கும் ஃபண்ட்) நேராக வைத்திருந்தால் இரு நாட்டு ஒப்பந்தப்படி பிடித்தமே கிடையாது, முழு 100 வரும். ஆனால் டொராண்டோ சந்தையில் வாங்கிய, உள்ளே அமெரிக்கப் பங்குகள் இருக்கும் ஈடிஎஃப் என்றால் ஆர்ஆர்எஸ்பியிலும் 15 போய்விடும். ஃபண்டுக்குள்ளேயே பிடித்துவிடுவதால் உங்கள் ஸ்டேட்மென்டில் அது கண்ணிலேயே படாது.

இதைப் படித்துவிட்டு டிஎஃப்எஸ்ஏவை விட்டு ஓடாதீர்கள். 1.5 சதவீதம் டிவிடெண்ட் தரும் ஃபண்டில் 10,000 டாலர் போட்டிருந்தால் நஷ்டம் வருஷத்துக்கு 22.50 டாலர். அவ்வளவுதான். கீழே எம்இஆர் (ஃபண்ட் வருஷாவருஷம் எடுத்துக்கொள்ளும் கட்டணம்) பற்றி வருவதைப் படித்தால், உண்மையான ஓட்டை எங்கே என்று புரியும்.

கேள்வி: கனடியக் கம்பெனி டிவிடெண்டுக்கு வரி குறைவு என்கிறார்கள். ஆனால் டி5 சீட்டில் (டிவிடெண்ட், வட்டி வருமானம் காட்டும் வரிச்சீட்டு) நான் வாங்கியதைவிட அதிகமாகப் போட்டிருக்கிறதே?

தவறில்லை. பெரிய கனடியக் கம்பெனிகள் தரும் 'எலிஜிபிள்' டிவிடெண்டை 38 சதவீதம் உயர்த்திக் கணக்கில் எடுப்பார்கள். 100 வாங்கினால் 138 என்று காட்டும். பிறகு அந்த 138இல் 15.0198 சதவீதம், அதாவது 20.73 டாலர், மத்திய வரியில் கழியும். மாகாணக் கழிவு தனி.

இதில் சிக்கிக்கொள்வது பிள்ளைகள் உள்ள வீடுகள். சைல்டு பெனிஃபிட் (பிள்ளைகளுக்காக அரசு தரும் உதவித்தொகை) நிர்ணயிக்கப்படுவது நிகர வருமானத்தை வைத்து. அதில் 100 அல்ல, 138 ஏறும். வரியில் மிச்சம் பிடித்ததை பெனிஃபிட்டில் விட்டவர்கள் நிறைய. டிஎஃப்எஸ்ஏவுக்குள் வரும் டிவிடெண்ட் இந்தக் கணக்கில் வராது.

கேள்வி: டிவிடெண்டுக்கு முதல் நாள் வாங்கி மறுநாள் விற்றால்?

டிவிடெண்ட் வரும், பங்கு விலை ஏறக்குறைய அதே அளவு இறங்கித் திறக்கும். கமிஷனும் வரியும் உங்கள் செலவு. தேதி மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்: 2024 மே 27 முதல் கனடாவில் பங்கு ஒரே வேலைநாளில் செட்டில் ஆகிறது (பங்கும் பணமும் கைமாறுகிறது). அதனால் எக்ஸ்-டிவிடெண்ட் தேதியும் (அன்றிலிருந்து வாங்குபவருக்கு அந்த டிவிடெண்ட் கிடையாது) ரெக்கார்டு தேதியும் (கம்பெனி பங்குதாரர் பட்டியலைப் பார்க்கும் நாள்) பொதுவாக ஒரே நாள். அதற்கு முந்தைய வேலைநாளுக்குள் வாங்கியிருக்க வேண்டும்.

கேள்வி: ஊரில் டீமேட் கணக்கில் பங்குகளும் மியூச்சுவல் ஃபண்டும் இருக்கின்றன. அப்படியே விடலாமா, விற்க வேண்டுமா?

அவசரமாக விற்க வேண்டியதில்லை. செய்ய வேண்டியவை வேறு. நீங்கள் என்ஆர்ஐ (வெளிநாடுவாழ் இந்தியர்) ஆனதை பேங்குக்குத் தெரிவித்து சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓவாக (என்ஆர்ஐக்கான இந்திய ரூபாய்க் கணக்கு) மாற்றுங்கள். டீமேட் கணக்கையும் ஃபண்டின் கேஒய்சியையும் அதன்படி மாற்ற வேண்டும். இன்ட்ராடே (அன்றே வாங்கி அன்றே விற்பது) கிடையாது, டெலிவரி மட்டும்தான். சில ஃபண்ட் கம்பெனிகள் கனடாவிலிருந்து புதுப் பணம் வாங்குவதில்லை. எஸ்ஐபி (மாதாமாதம் ஃபண்டில் போடும் தவணை) ஓடிக்கொண்டிருந்தால் முதலில் கேட்டுவிடுங்கள்.

அடுத்தது, எல்லாரும் விட்டுவிடுவது. கனடாவில் குடியிருப்பாளர் ஆன நாளன்று, வெளிநாட்டில் உள்ள உங்கள் பங்குகளை அன்றைய சந்தை விலைக்கு வாங்கியதாகவே சிஆர்ஏ எடுத்துக்கொள்ளும். 200 ரூபாய்க்கு வாங்கிய பங்கு, நீங்கள் இறங்கிய அன்று 1,500. இப்போது 1,600க்கு விற்றால் கனடாவில் லாபம் 100 ரூபாய்தான், இந்தியாவில் 1,400. ஓராண்டுக்கு மேல் வைத்திருந்த பங்கு என்றால், வருஷத்தில் 1.25 லட்சம் ரூபாய்க்கு மேல்போகும் லாபத்துக்கு இந்தியாவில் 12.5 சதவீதம். 1,400க்கு விற்றாலோ கூத்து: இந்தியாவில் லாபம், கனடாவில் நஷ்டம், ஒரே பங்கில். ஆகவே இறங்கிய நாளின் இறுதி விலை, ஃபண்ட் என்ஏவி (ஒரு யூனிட்டின் விலை), பேங்க் ஆஃப் கனடாவின் அன்றைய மாற்று விகிதம் மூன்றையும் இப்போதே எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். ஐந்து வருஷம் கழித்துத் தேடினால் தலைவலி.

இதோடு ஒன்று (வரிக்கணக்குப் பார்க்கும் அக்கா ஒருவர் சேர்த்தது): என்ஆர்ஐக்கு இந்திய டிவிடெண்டில் 20 சதவீதமும் செஸ்ஸும் சேர்த்து 20.8 பிடிப்பார்கள். கனடாவில் கழிவாகக் கிடைப்பது 15 வரைதான். மீதி 5.8ஐ வருமானத்திலிருந்து குறைக்கலாம். பலர் 20.8 முழுவதையும் டி2209இல் எழுதிவிட்டு, பிறகு கடிதம் வந்ததும் முழிக்கிறார்கள். அதேபோல, வெளிநாட்டுச் சொத்துகளின் அடக்கவிலை மொத்தம் 1,00,000 கனடிய டாலரை எந்த நாளிலாவது தாண்டினால் டி1135 படிவம் (வெளிநாட்டுச் சொத்து விவரம்) தாக்கல் செய்ய வேண்டும். வந்த முதல் வருஷத்துக்கு மட்டும் விலக்கு. ஊரில் வாடகைக்கு விட்ட வீடு, எஃப்டி, பங்கு எல்லாம் சேரும்; இங்கே சாதாரணக் கணக்கில் வைத்திருக்கும் அமெரிக்கப் பங்கும் சேரும். தாமதத்துக்கு நாளுக்கு 25 டாலர், 2,500 வரை. வரி ஒன்றும் இல்லாத படிவத்துக்கு இவ்வளவு அபராதம்.

கேள்வி: தெரிந்த ஏஜென்ட் ஒருவர் வீட்டுக்கே வந்து ஃபண்ட் போட்டுத் தருகிறேன் என்கிறார். "கட்டணமே இல்லை" என்கிறார்.

அவருக்குக் கொடுக்கும் பணம் உங்கள் கையிலிருந்து போகாது, ஃபண்டிலிருந்து போகும். எம்இஆர் எவ்வளவு என்று கேளுங்கள். 2 சதவீதம் என்றால் 20,000 டாலருக்கு வருஷம் 400. பில் வராது, தினமும் கொஞ்சம் கொஞ்சமாக என்ஏவியில் கழிந்துவிடும். 0.2 சதவீத இன்டெக்ஸ் ஈடிஎஃப்பில் அதே தொகைக்கு 40. இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் விற்பது பெரும்பாலும் செக்ரிகேட்டட் ஃபண்ட் (இன்ஷூரன்ஸ் கம்பெனியின் ஃபண்ட்); போட்ட பணத்துக்கு உத்தரவாதம் இருப்பதால் எம்இஆர் இன்னும் ஏறும். முன்கூட்டி எடுத்தால் வெட்டும் டிஎஸ்சி கட்டணத்தை மியூச்சுவல் ஃபண்டில் 2022 ஜூனிலும், செக்ரிகேட்டட் ஃபண்டில் 2023 ஜூனிலும் புது விற்பனைக்குத் தடைசெய்தார்கள். யாராவது அதற்கு முந்தைய பாலிசியைக் காட்டி விளக்கினால் தேதியைப் பாருங்கள்.

கேள்வி: விற்றால் லாபம் எப்படிக் கணக்கிடுவது? ஊரில் முதலில் வாங்கியது முதலில் விற்றதாக எடுப்பார்களே.

இங்கே சராசரி. 30 டாலருக்கு 100 பங்கு, கமிஷன் 10: 3,010. பிறகு 36க்கு 50 பங்கு, கமிஷன் 10: 1,810. மொத்தம் 4,820; 150ஆல் வகுத்தால் பங்குக்கு 32.13. 60 பங்கை 40க்கு விற்று கமிஷன் 10 போக 2,390. அடக்கம் 1,928. லாபம் 462, அதில் பாதி, 231, வருமானத்தில் சேரும். டிரிப் (டிவிடெண்டைக் கையில் வாங்காமல் அதே பங்கில் போடுவது) மூலம் சேர்ந்த பங்குகளையும் சராசரியில் சேர்க்க மறக்காதீர்கள், அந்த டிவிடெண்டுக்கு ஏற்கெனவே வரி கட்டிவிட்டீர்கள். டி3 சீட்டின் (ஈடிஎஃப் போன்ற ஃபண்டுகள் தரும் வரிச்சீட்டு) 42ஆம் பெட்டியில் வரும் தொகை இதற்கு நேர்மாறு. அது அடக்கத்தைக் குறைக்கும்.

கேள்வி: நஷ்டத்தில் இருப்பதை விற்று டிஎஃப்எஸ்ஏவில் அதையே திரும்ப வாங்கினால்?

நஷ்டத்தைக் கணக்கில் காட்டவே முடியாமல் போய்விடும். விற்பதற்கு 30 நாள் முன்பும் பின்பும் நீங்களோ, உங்கள் கணவரோ மனைவியோ, உங்கள் டிஎஃப்எஸ்ஏவோ அதே பங்கை வாங்கி, 30ஆம் நாள் முடிவில் வைத்திருந்தால் நஷ்டம் செல்லாது. சாதாரணக் கணக்கில் திரும்ப வாங்கினால் அந்த நஷ்டம் புதுப் பங்கின் அடக்கத்தில் ஏறும். டிஎஃப்எஸ்ஏவில் அதுவும் இல்லை. பங்கை விற்காமல் அப்படியே டிஎஃப்எஸ்ஏவுக்கு நகர்த்தினாலும் இதே கதி. லாபத்தில் இருந்தால் மட்டும் வரி உண்டு. 31 நாள் பொறுங்கள்.

கேள்வி: டி5 வந்துவிட்டது, இப்போதே தாக்கல் செய்யட்டுமா?

ஈடிஎஃப்பை சாதாரணக் கணக்கில் வைத்திருந்தால் பொறுங்கள். அதற்கான டி3 மார்ச் கடைசியில்தான் வரும். ஏப்ரல் 30 வரை நேரம் இருக்கிறது.