கலைச்சொல்: வீடியோ கேசட் தோற்றத்தில் நிறம் விளிம்பு தாண்டுவது

நாகர்கோவிலிலிருந்து

குழுமத்தாருக்கு வணக்கம். டிஜிட்டல் ஓவியத்துக்குப் பழைய விஎச்எஸ் கேசட் தோற்றம் தருவது பற்றிய பாடக்குறிப்பில் ‘குரோமா பிளீட்’ என்பதற்கு ‘நிறக்கசிவு’ என்று போட்டிருக்கிறோம். கேசட்டில் ஒளிர்வுக்கு, அதாவது வெளிச்சம்-இருளுக்கு, அலைப்பட்டை அகலம் சுமார் 3 மெகாஹெர்ட்ஸ் கிடைக்கிறது, நிறத்துக்கு அரை மெகாஹெர்ட்ஸ்கூடத் தேறாது. அதனால் உருவத்தின் விளிம்பு ஓரளவு தெளிவாக நிற்க, நிறம் மட்டும் அதைத் தாண்டிப் போய்விடுகிறது. சொல்லில் மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.

தக்கலையிலிருந்து

> ‘நிறக்கசிவு’ என்று போட்டிருக்கிறோம்

அண்ணாச்சி, சொல் காதுக்கு நல்லாயிருக்கு, ஆனால் வேலையைக் கெடுத்துவிடும். கசிவது எல்லாப் பக்கமும் பரவும். இதைப் படிக்கிறவர் மேலும் கீழும் ஒரே அளவுக்கு மங்கலாக்குவார். கிடைப்பது நனைந்த நீர்வண்ண ஓவியமாகத்தான் இருக்கும், கேசட் ஆகாது.

உண்மையில் மங்குவது கிடைமட்டத்தில்தான். 720 பிக்சல் அகலப் படத்தில் நொடிக்கு 1.35 கோடி மாதிரிகள் என்று கணக்கு. அரை மெகாஹெர்ட்ஸில் ஏறக்குறைய 13 பிக்சலுக்கு ஒரு நிறம்தான் தனித்து நிற்கும். முழு அகலத்துக்கும் ஐம்பதைச் சற்றே தாண்டும். செங்குத்தில் நடப்பது வேறு. நம் நாட்டு ‘பால்’ (PAL) முறை டிவி அடுத்தடுத்த இரண்டு வரிகளின் நிறத்தைச் சராசரி ஆக்கும், அவ்வளவே. ‘நிற இழுவல்’ என்று வைக்கலாமா?

குளச்சலிலிருந்து

அண்ணன் சொன்ன கணக்கு சரி. ஆனால் இழுவல் என்றால் அசைவு நினைவுக்கு வரும். பழைய வெற்றிடக்குழாய்க் கேமராவில் விளக்கு நகரும்போது பின்னால் வால் நீளுமே, அதற்கு அந்தச் சொல்லை ஒதுக்கி வைப்போம்.

இங்கே இரண்டு குறைகளை ஒரே பெயரில் கட்டுகிறோம். நிறத்தின் நுணுக்கம் போவது ஒன்று, மிச்சமிருக்கும் நிறம் மொத்தமாக வலப்பக்கமோ கீழேயோ நகர்வது இன்னொன்று. முன்னதை ‘நிறமழுங்கல்’, பின்னதை ‘நிறப்பெயர்வு’ என்று பிரிக்கலாம்.

மாத்தூர் தொட்டிப்பாலத்தின்மேல் கசவு என்னும் பொன்சரிகைக் கரை வைத்த நேரியது கட்டிய பெண் நிற்பதுபோல் ஒரு ஓவியம் எடுத்துக்கொள்ளுங்கள். 768×576 அளவில் வரைந்து அகலத்தை 720 ஆகச் சுருக்குங்கள். இதைவிடப் பெரிதாக வரைந்த படத்தைச் சுருக்காமலே மங்கலாக்கினால் 4 பிக்சல் என்பது கண்ணுக்கே தெரியாது. சுருக்குவதுதான் முதல் வேலை. ஜிம்ப் என்னும் பட மென்பொருளில் ‘டீகம்போஸ்’ கொடுத்து ஒய்சிபிசிஆர் அடுக்குகளாக (ஒளிர்வு ஒன்று, நிறம் இரண்டு) பிரியுங்கள். ஆர்ஜிபியில் (சிவப்பு, பச்சை, நீலம்) செய்தால் ஒளிர்வும் சேர்ந்து மங்கிவிடும். இரண்டு நிற அடுக்குகளுக்கும் காஸியன் பிளர் கிடைமட்டம் 4, செங்குத்து 0. ஒளிர்வுக்குக் கிடைமட்டம் 0.6 போதும். பிறகு ஒவ்வொரு நிற அடுக்கையும் நகலெடுத்து, 2 பிக்சல் கீழே தள்ளி, 50 சதவீத ஒளிபுகாமையில் வையுங்கள். டிவி ஒற்றை வரிகளை ஒரு பாதிப்படமாகவும் இரட்டை வரிகளை இன்னொரு பாதிப்படமாகவும் மாறிமாறிக் காட்டும்; ஒரு வரிக்கு அடுத்த வரி இன்னொரு பாதிப்படத்தில் இருப்பதால்தான் 2. மறுபடி சேர்த்தால், 5 பிக்சல் அகலக் கசவின் பொன்னிறம் வெளிறிச் சாம்பல் கலந்த கோடு மட்டும் நிற்கும். அதுதான் மழுங்கல். பெயர்வுக்கு அதன்பின் நிற அடுக்குகளை 2 அல்லது 3 பிக்சல் வலப்பக்கம் தள்ளுங்கள். நகலின் நகல் வேண்டுமானால் எல்லாவற்றையும் இன்னொரு முறை செய்ய வேண்டும். அளவை ஒரேயடியாக இரட்டிப்பாக்கினால் அந்த அழுக்கு வராது.

தொட்டிப்பாலக் கைப்பிடியை 1 பிக்சல் கோடாக வரையாதீர்கள். வீடியோவாக்கும்போது அது ஒரு பாதிப்படத்தில் மட்டும் விழுந்து நொடிக்கு 25 முறை துடிக்கும். 2 பிக்சல் தடிமன் பாதுகாப்பு.

இன்னொன்று. ஆயத்தமாகக் கிடைக்கும் வடிப்பான்கள் பெரும்பாலும் அமெரிக்க என்டிஎஸ்சி முறைக்கானவை. முகம் பச்சையாகவும் ஊதாவாகவும் திரும்புவது அங்குள்ள கோளாறு. நம் பக்கம் வீடுகளில் வந்த திருவனந்தபுரம் தூர்தர்ஷனும் இலங்கை ரூபவாகினியும் பால் முறை. அதில் கட்டப்பிழை (நிற அலையின் நேரப் பிசகு) வந்தால் சராசரியாகும்போது நிறம் வெளிறும், மாறாது. நம்மூர்க் காட்சியில் பச்சை முகம் வைப்பது பொய்.

மார்த்தாண்டத்திலிருந்து

அக்கா பிரித்தது எனக்குச் சம்மதம். ‘நிறப்பெயர்வு’ விளக்கத்தில் ஒரு வரி சேருங்கள்: ஆன்டெனா நிழலோடு குழப்பக்கூடாது. மலையில் பட்டுத் திரும்பும் அலை தாமதமாக வருவதால் உருவமே, ஒளிர்வும் நிறமுமாக, வலப்பக்கம் மங்கலாக இன்னொன்று தெரியும். 300 மீட்டர் கூடுதல் பாதைக்கு 1 மைக்ரோநொடி, படத்தில் 13.5 பிக்சல். வேளிமலை போன்ற இடத்தில் பட்டு 1.5 கிலோமீட்டர் சுற்றி வந்தால் 67 பிக்சல் தள்ளி நிற்கும். டிவியிலிருந்து பதிவு செய்த கேசட் என்றால் நிழலை முதலில் போட்டு, மழுங்கலைப் பிறகு செய்ய வேண்டும். வரிசை மாறி, மழுங்காத மூலப்படத்திலிருந்து நிழலைப் போட்டால் அது மட்டும் மழுங்கிய படத்தைவிடக் கூர்மையாக நிற்கும்.

நாகர்கோவிலிலிருந்து

சரி, ‘நிறக்கசிவு’ தலைப்புச் சொல்லாக வேண்டாம். தேடுகிறவர்களுக்காக வழிகாட்டியாக மட்டும் இருக்கட்டும்.

நிறமழுங்கல்: நிறத்தின் அலைப்பட்டை அகலம் குறுகுவதால் கிடைமட்டத்தில் நிற நுணுக்கம் இழப்பது.
நிறப்பெயர்வு: ஒளிர்வு நிற்க, நிறம் மட்டும் இடம் தள்ளுவது, ஆன்டெனா நிழல் அன்று.

அடுத்தது ‘டிராப்அவுட்’. நாடாவின் காந்தப் பூச்சு உதிர்ந்த இடத்தில் விழும் குறுகிய வெள்ளைக் கோடு. ‘உதிர்கீற்று’ என்று முன்வைக்கிறேன். மறுப்புள்ளவர்கள் மாற்றுச் சொல்லோடு எழுதுங்கள்.