50,000 ரூபாயில் கேமிங் பிசி, வீடு பழைய வீடு, கரண்ட் ஏறி இறங்கும்: எதை எடுக்கலாம்?

பள்ளத்தூர்_பையன்:

வணக்கம் அண்ணன்மார்களே. ஊர் பள்ளத்தூர், படிப்பது காரைக்குடியில், இன்ஜினியரிங் முதல் வருடம். ஒன்றரை வருடமாகச் சேர்த்த பணத்தோடு அப்பச்சி கொஞ்சம் போட்டதில் 50,000 தேறியிருக்கிறது. அப்பச்சி கடைக்கணக்குக்கு வைத்திருந்த 19 இன்ச் மானிட்டர், கீபோர்டு, மவுஸ் எல்லாம் இருக்கின்றன. அதனால் மொத்தப் பணமும் சிபியுவுக்குத்தான். வேலரண்ட், கவுண்டர் ஸ்ட்ரைக் 2, லீவில் ஜிடிஏ 5 விளையாடுவேன், அப்புறம் காலேஜ் கோடிங் வேலை.

ஒரு கடையில் விசாரித்தேன். "ஐ7 கேமிங் பிசி, 16 ஜிபி ராம், 4 ஜிபி கிராஃபிக்ஸ் கார்டு, லைட் வைத்த கேபினட், எல்லாம் சேர்த்து 28,000" என்றார்கள். ஐ7 என்றதும் சந்தோஷமாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து எஸ்டிமேட்டைப் படித்தால் ஐ7 3770, ஜிடி 730 என்று எழுதியிருக்கிறது. 22,000 மிச்சமாகிறதே, இதை எடுக்கலாமா? சிங்கப்பூரில் இருக்கும் அம்மான் அடுத்த மாதம் வருகிறார், சிம் லிம் ஸ்கொயரில் கார்டு வாங்கி வரட்டுமா என்று கேட்கிறார், அதற்கும் பதில் சொல்ல வேண்டும்.

இன்னொரு விஷயம், எங்கள் வீட்டு ஒயரிங் ஐயா காலத்தது. சாயங்காலமானால் லைட் மங்கி மங்கி எரியும். வளவை ஒட்டிய அறையில்தான் பிசியை வைக்கப் போகிறேன்.


செக்காலை_சிபியு:

அந்த 28,000 ரூபாய் பெட்டி வேண்டவே வேண்டாம் தம்பி. 3770 வந்தது 2012-இல். ஐ7 என்பது பெயர் மட்டும்தான், பின்னால் வரும் நம்பர்தான் வயதைச் சொல்லும். விண்டோஸ் 11 ஆதரிக்கும் பட்டியலில் அது இல்லை, விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு சப்போர்ட் முடிந்துவிட்டது. குறுக்கு வழியில் 11 ஏற்றிக் கொடுப்பார்கள். ஆனால் விண்டோஸ் 11-இல் வேலரண்ட் ஓட டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளும் கட்டாயம், அந்தப் பழைய மதர்போர்டில் அதற்கு வழியில்லை. நீங்கள் முதலில் சொன்ன விளையாட்டே திறக்காது. ஜிடி 730 வந்தது 2014-இல், படம் காட்டுவதற்கான கார்டு. அதில் 4 ஜிபி இருக்கிறது என்பது சின்னக் கடைக்குப் பெரிய குடோன் இருப்பது போல, வியாபாரம் அதனால் பெருகாது.

நான் போடுவதாக இருந்தால் ஐ3 12100எஃப் பிராசசர், எச்610 போர்டு, டிடிஆர்4 3200 ராம் 8 ஜிபி இரண்டு, 500 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி, ஆர்எக்ஸ் 6600 கிராஃபிக்ஸ் கார்டு. இந்த ஐ3-யிலும் 3770 மாதிரியே 4 கோர், 8 திரெட்தான், ஆனால் பத்து வருடம் பின்னால் வந்தது, ஒவ்வொரு கோரும் செய்யும் வேலையே வேறு. பின்னால் பணம் வந்தால் அதே போர்டில் 6 கோர் 12400எஃப் உட்காரும். பெயரில் எஃப் இருந்தால் உள்ளே கிராஃபிக்ஸ் கிடையாது, கார்டு போடாமல் ஆன் செய்தால் திரையில் ஒன்றும் வராது, பயந்துவிடாதீர்கள்.

6600-இல் 8 ஜிபி இருக்கிறது, 132 வாட்தான் இழுக்கும், ஒரே ஒரு 8 பின் கேபிள் போதும். இதைவிட மலிவு என்று 6500 எக்ஸ்டி காட்டுவார்கள். அது 4 ஜிபி, போதாததற்கு போர்டோடு 4 லேனில், அதாவது 4 டேட்டா பாதையில்தான் பேசும், பழைய பிசிஐ 3.0 ஸ்லாட் உள்ள போர்டில் போட்டால் திணறிவிடும். ஆர்எக்ஸ் 580 2048எஸ்பி என்ற ஒன்றும் சுற்றுகிறது, அது அசல் 580 இல்லை, அசலில் 2304 ஷேடர், அதாவது படம் வரையும் யூனிட், இதில் 2048தான்.

ராம் விலைதான் இப்போது தலைவலி. 2025 கடைசியிலிருந்து மெமரி கம்பெனிகள் ஏஐ சர்வர் பக்கம் சாய்ந்ததில் ராமும் எஸ்எஸ்டியும் ஏறிவிட்டன. டிடிஆர்4 போர்டாகவே எடுங்கள் என்று சொல்வதற்கு அதுவும் காரணம், பழைய ஸ்டிக் யாரிடமாவது கிடைக்கும். ராமைச் செகண்ட் ஹேண்டில் வாங்கத் தயங்க வேண்டாம், மெம்டெஸ்ட்86 என்ற ராம் சோதனை புரோகிராமை ஒரு ராத்திரி ஓடவிட்டுப் பிழை வராவிட்டால் நல்ல சரக்கு. மாட்டியதும் பயாஸில் எக்ஸ்எம்பி என்ற ராம் வேக செட்டிங்கை ஆன் செய்ய மறக்காதீர்கள், இல்லையென்றால் 3200-க்குக் காசு கொடுத்துவிட்டு 2400-லோ 2666-லோ ஓட்டிக்கொண்டிருப்பீர்கள்.


தேவகோட்டை_சர்வீஸ்:

மேலே தம்பி சொன்ன செட் நல்ல செட். ஆனால் எஸ்எம்பிஎஸ், அதாவது பெட்டிக்குக் கரண்ட் கொடுக்கும் பவர் சப்ளை, அதைப் பற்றி அவர் பேசவே இல்லை. உன் கேள்வியில் என் கண்ணில் பட்டதே அந்தக் கடைசி வரிதான், ஐயா காலத்து ஒயரிங். 14 வருடமாக இந்தப் பக்கத்து வீடுகளில் கம்ப்யூட்டர் பார்க்கிறேன், புதிய கார்டு செத்துப்போன கேஸ் பாதிக்கு மேல் கரண்டில் வந்து நிற்கும்.

போன வருடம் ஒரு வீட்டில் கார்டு இரண்டாவது தடவையாகப் போய்விட்டது என்று கூப்பிட்டார்கள். கேபினட்டோடு வந்த எஸ்எம்பிஎஸ், மேலே கொட்டை எழுத்தில் 450 வாட். கழற்றிக் கையில் எடுத்தால் டிபன் பாக்ஸ் கனம்கூட இல்லை. திறந்தால் இரண்டு கெப்பாசிட்டரின் தலை உப்பி, ஓரத்தில் காபிக் கசடு மாதிரி கசிந்து காய்ந்திருக்கிறது, போர்டில் ஒரு ரூபாய் அகலத்துக்குக் கருகல். ஸ்டிக்கரில் 12 வோல்ட் கட்டத்தில் 16 ஆம்பியர் என்று இருந்தது. 12-ஐ 16-ஆல் பெருக்கு, 192 வாட். பிராசசரும் கார்டும் சாப்பிடுவது அந்த 12 வோல்ட் லைனில்தான். நீ கடைக்குப் போனால் பெரிய எழுத்தைப் பார்க்காதே, அந்தச் சின்னக் கட்டத்தைப் பார். நல்ல 550 வாட்டில் அங்கே 40 ஆம்பியருக்கு மேல் இருக்கும். 80 பிளஸ் பிரான்ஸ் (Bronze) தரச் சான்றும் ஆக்டிவ் பிஎஃப்சி என்ற சர்க்யூட்டும் உள்ளது வாங்கு. அந்த மாதிரி சப்ளை பெரும்பாலும் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும், உன் வீட்டில் சாயங்காலம் 180-க்கு இறங்கினாலும் அது பாட்டுக்கு ஓடும், தனியாக ஸ்டெபிலைசர் வேண்டாம். பணம் இடித்தால் கேபினட்டில் குறை. முன்பக்கம் வலை போட்ட சாதா கேபினட் போதும், கண்ணாடி போட்டதில் சித்திரை வெயிலுக்கு உள்ளே வெந்துவிடும்.

அடுத்தது எர்த். நம் பக்கத்து வீடுகளில் மரப்பட்டி ஒயரிங் இன்னும் இருக்கிறது, ரெண்டு பின் சாக்கெட்டைக் கழற்றிவிட்டு மூணு பின் மாட்டியிருப்பார்கள், மேல் துளைக்குப் பின்னால் ஒயரே இருக்காது. ஓடுகிற சிபியுவின் கேபினட்டைப் புறங்கையால் தடவும்போது விறுவிறு என்று ஒரு உதறல் தெரிகிறதா, டெஸ்டர் வைத்தால் மங்கலாக எரிகிறதா, அது எர்த் இல்லாததன் அடையாளம். எஸ்எம்பிஎஸ் உள்ளே இருக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர் வழியாக வருவது, மண்ணுக்குப் போக வேண்டியது பெட்டியிலேயே நிற்கிறது. ஆத்தாங்குடிக் கல் தரையில் வெறுங்காலோடு நிற்கும்போது இன்னும் நன்றாகத் தெரியும்.

ஒயரிங்காரரை வைத்து மல்டிமீட்டரில் பார்க்கச் சொல். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 230 பக்கம் காட்ட வேண்டும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இரண்டு மூன்று வோல்ட்டைத் தாண்டக் கூடாது. சிலர் வேலையை முடிக்க நியூட்ரலிலிருந்து எர்த் துளைக்கு ஒரு துண்டு ஒயர் போட்டுவிடுவார்கள். அதற்கு ஒருபோதும் சம்மதிக்காதே. வெளியே நியூட்ரல் அறுந்த அன்றைக்கு உன் கேபினட் முழுக்க 230 நிற்கும், வீட்டில் பெரியவர்கள் இருக்கிறார்கள். குழி வெட்டி, பைப் இறக்கி, கரியும் உப்பும் போட்டு முறையாகச் செய்யச் சொல், அந்த அறைக்கு மட்டும் தனி லைன் இழுத்தால் போதும். நம் ஊர் செம்புரான் மண், கோடையில் காய்ந்தால் எர்த் வேலை செய்யாது, பங்குனியிலிருந்து மழை வரும்வரை வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்று. கரண்ட் கசிந்தால் தானே கட் செய்யும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்றும் மாட்டிவிட்டால் நிம்மதி.

யூபிஎஸ் 600 விஏ என்றால் உண்மையில் 360 வாட் பக்கம்தான். உன் செட் முழு வேகத்தில் மானிட்டரோடு 250-ஐத் தாண்டும், பேட்டரி கொஞ்ச நேரம்தான் நிற்கும். 1000 விஏ எடு, சேவ் செய்து அணைக்க நேரம் கிடைக்கும். இந்த மாதமே வேண்டும் என்பதில்லை, ஆனால் எர்த் மட்டும் பெட்டி வருவதற்கு முன்னால்.


கானாடுகாத்தான்77:

எர்த் பற்றி சர்வீஸ் அண்ணன் சொன்னது அத்தனையும் சரி, எங்கள் வீட்டிலும் அதைத்தான் செய்தோம்.

செட்டில் மட்டும் எனக்கு வேறு கருத்து. ரைசன் 5 5600, பி450 போர்டு பாருங்கள். 6 கோர், 12 திரெட், கோடிங்கும் செய்கிறீர்கள், நாலு வருடம் ஓட வேண்டும். பி450-இல் பிசிஐ 3.0 என்பார்கள், 6600-க்கு அதனால் பெரிய நஷ்டமில்லை. போர்டு பழைய ஸ்டாக் என்றால் 5000 சீரிஸுக்கான பயாஸ் ஏற்றித் தரச் சொல்லி வாங்குங்கள், பல போர்டுகளில் நாமே செய்ய பழைய பிராசசர் ஒன்று வேண்டியிருக்கும். ராம் விலையில் பட்ஜெட் உடைந்தால் உள்ளேயே கிராஃபிக்ஸ் உள்ள 5600ஜி வாங்கி கார்டை ஆறு மாதம் தள்ளலாம், வேலரண்டுக்கு அதுவே போதும், ஆனால் ராம் கட்டாயம் இரண்டு ஸ்டிக்காக இருக்க வேண்டும். 5600ஜி-யில் கேஷ் (பிராசசருக்குள் இருக்கும் வேக மெமரி) 16 எம்பிதான், 5600-இல் 32. அதனால் கார்டு இப்போதே வாங்க முடியுமானால் ஜி பக்கம் போகாதீர்கள்.

சிங்கப்பூர் கார்டு வேண்டாம். கிராஃபிக்ஸ் கார்டுக்குப் பெரும்பாலும் வாங்கிய நாட்டில்தான் வாரண்டி, பழுதானால் அம்மான் திரும்பப் போகும்வரை பெட்டிக்குள் கிடக்கும். ஜிஎஸ்டி பில்லோடு மதுரையிலோ சென்னை ரிச்சி தெருவிலோ வாங்குங்கள். பல்லவன் ரயிலில் போனால் மதியத்துக்குள் எழும்பூர், ஞாயிற்றுக்கிழமை மட்டும் போகாதீர்கள், பெரும்பாலான கடை அடைத்திருக்கும். பில்லில் சீரியல் நம்பர் எழுதி வாங்குங்கள், பிராசசர் சீல் உடையாத டப்பாவில் இருக்கட்டும், டப்பா இல்லாமல் வரும் டிரே பீஸ் வேண்டாம்.


பள்ளத்தூர்_பையன்:

எல்லோருக்கும் நன்றி அண்ணே. நேற்றே ஒயரிங்காரரை அழைத்து வந்தேன். அண்ணன் சொன்னது அப்படியே இருந்தது. சாக்கெட்டைக் கழற்றினால் எர்த் துளைக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை, சிலந்திக்கூடுதான் இருந்தது. இத்தனை நாள் அந்த சாக்கெட்டில்தான் அப்பத்தா கிரைண்டர் போட்டுக்கொண்டிருந்தார்கள். அப்பச்சி பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, எர்த் செலவைத் தானே கொடுத்துவிடுவதாகச் சொல்லிவிட்டார், அதனால் 50,000 அப்படியே இருக்கிறது. மூன்றாம் கட்டுக்குப் பின்னால் கிணற்றடியில் குழி வெட்டலாம் என்று முடிவு. அம்மானிடமும் கார்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

5600-தான் எடுக்கப் போகிறேன், கோடிங்குக்கும் உதவும். ஒரே ஒரு சந்தேகம், என் மானிட்டரின் பின்னால் நீல நிற விஜிஏ மட்டும்தான் இருக்கிறது. 6600-இல் அது மாட்டுமா?


தேவகோட்டை_சர்வீஸ்:

நேராக மாட்டாது. அந்தக் கார்டில் எச்டிஎம்ஐ, டிஸ்பிளே போர்ட் மட்டும்தான். எச்டிஎம்ஐ டு விஜிஏ கன்வெர்ட்டர் வாங்கு, உள்ளே சிப் வைத்தது, வெறும் கேபிள் வாங்கினால் படம் வராது. 1080பி மானிட்டர் தீபாவளிக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

கிணற்றடி நல்ல இடம், ஈரம் நிற்கும். கிரைண்டர் சாக்கெட்டுக்கும் அதிலிருந்தே ஒரு எர்த் ஒயர் இழுத்துவிடச் சொல், அதை விட்டுவிடாதே. குழி மூடியதும் மீட்டரில் என்ன காட்டுகிறது என்று இங்கே எழுது, பார்த்துச் சொல்கிறேன், அப்புறம் ரயில் ஏறு.