பொருள்: ஸ்கேல், கேஜ் – இரண்டுக்கும் தனித்தனிச் சொல்

அன்பர்களுக்கு வணக்கம்.

மாதிரி ரயில் பற்றித் தமிழில் வரும் குறிப்புகளில் ஸ்கேலும் (எத்தனை மடங்கு சுருக்கியது என்ற விகிதம்) கேஜும் (இரு தண்டவாளங்களுக்கு நடுவே உள்ள அகலம்) ‘அளவு’ என்ற ஒரே சொல்லில் அடைபடுகின்றன. ‘எச்ஓ அளவுத் தண்டவாளம்’ (எச்ஓ – HO, 1:87.1 விகித மாதிரி வகை) என்று படித்துவிட்டு வாங்குகிறவருக்குக் கிடைப்பது 16.5 மி.மீ. தடம். அது 1:87.1 விகிதத்தில் 1435 மி.மீ. பாதைக்குப் பொருந்தும். நம் அகலப்பாதை 1676 மி.மீ. அதை 87.1-ஆல் வகுத்தால் 19.2 வரும். வண்டியின் உடல் சரியான விகிதத்தில் இருக்க, சக்கரங்கள் மட்டும் ஏறத்தாழ 2.7 மி.மீ. உள்ளே ஒடுங்கி நிற்கும். முன்னாலிருந்து பார்த்தால் உடனே தெரியும்.

என் முன்மொழிவு: ஸ்கேலுக்கு ‘அளவுகோல்’, கேஜுக்குத் ‘தண்டவாள இடைவெளி’.

– திருநகர்

---

> கேஜுக்குத் ‘தண்டவாள இடைவெளி’

இது வேண்டாம். இரண்டு தண்டவாளத் துண்டுகள் சேரும் இடத்தில், வெயிலில் நீள்வதற்காக விடுகிற சந்தினையும் இடைவெளி என்றுதான் சொல்கிறோம். மாதிரித் தடத்திலும் அது உண்டு. ‘இடைவெளி 0.5 மி.மீ. விடு’ என்று எழுதினால் எதை என்று கேட்பார்கள்.

‘பாதையகலம்’ என்றால் ‘அகலப்பாதையின் பாதையகலம்’ என்று நாக்கு சுற்றும். ‘இடையகலம்’ என்றால் தையற்கடைக்காரர் டேப்பை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்.

‘அளவுகோல்’ கையில் பிடிக்கிற பொருளின் பெயர். தச்சுமேசையில் அது ஏற்கெனவே கிடக்கிறது.

கேஜ் என்றே வைத்துக்கொண்டால் என்ன? மீட்டர் கேஜ் என்று ஊரே சொல்கிறது. எனக்கு அதில் மனக்குறை இல்லை.

– பழங்காநத்தம்

---

ஊர் சொல்வது உண்மைதான். ஆனால் ‘கேஜ்’ ஒன்றே மூன்று வேலை பார்க்கிறது. ஒன்று, பாதையின் அகலம். இரண்டு, அதைச் சரிபார்க்கும் கருவி. மூன்று, லோடிங் கேஜ். இந்த மூன்றாவதற்கும் தண்டவாள அகலத்துக்கும் சம்பந்தமில்லை. பாலத்திலும் நடைமேடையிலும் இடிக்காமல் வண்டி எவ்வளவு உயரம், அகலம் இருக்கலாம் என்ற எல்லை அது. ஓஓ (OO) என்ற பிரிட்டிஷ் மாதிரி வகை பிறந்த கதையே அதில்தான் இருக்கிறது. பிரிட்டிஷ் வண்டிகளின் எல்லை சிறியது. அவற்றை 1:87-க்குச் சுருக்கியபோது அக்கால மோட்டார் உடலுக்குள் அடங்கவில்லை. தடத்தை 16.5-லேயே விட்டுவிட்டு உடலை மட்டும் 1:76.2-க்குப் பெருக்கினார்கள். 1938-இல் வந்த ஹார்ன்பி டப்லோ மாதிரி ரயில்களும் அதே கலப்புதான். அந்தத் தடத்தை 76.2-ஆல் பெருக்கினால் 1257 மி.மீ.; அவர்கள் நாட்டுப் பாதையோ 1435. ஸ்கேலும் கேஜும் வேறு வேறு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

என் சொற்கள்:

ஸ்கேல் – குறுக்கம். ஐகாரக் குறுக்கம் என்று மாத்திரை குறைவதைச் சொல்லும் அதே சொல். (கரிசல் பக்கம் நிலத்தைக் குறுக்கத்தில் அளப்பதும் உண்டு, தண்டவாளத்தோடு அது குழம்பாது.) ‘குறுக்கம் 87.1’ என்றால் 87.1 மடங்கு குறுக்கியது. எண் கூடினால் பொருள் சிறுக்கும். ‘பெரிய ஸ்கேல்’ என்றால் எண் பெரிதா உருவம் பெரிதா என்ற சண்டைக்கே இடமில்லை.

கேஜ் – உள்ளகலம். அளப்பது தண்டவாளத் தலைகளின் உள்முகத்திலிருந்து உள்முகத்துக்கு. கொத்தனார் அறைக்கு உள்ளளவு சொல்கிற முறைதான்.

லோடிங் கேஜ் – வண்டி வரம்பு. கருவிக்கு அளவி.

– திண்டுக்கல்

---

உள்ளகலத்துக்கு என் வாக்கு. காரணம் பட்டறையில் இருக்கிறது. தடம் புரள்கிறது என்றால் பார்க்க வேண்டியவை இரண்டு: தண்டவாள உள்ளகலம், சக்கர உள்ளகலம். பின்னது ஓர் அச்சிலுள்ள இரண்டு சக்கரங்களின் உள்முகங்களுக்கு நடுவே உள்ள தூரம். எச்ஓவில் அது 14.4 மி.மீ. குறைந்தால் தடம் பிரியும் கிராசிங்கில் உள்ள காப்புத் தண்டவாளத்தில் சக்கரம் இறுகி மேலே ஏறும். கூடினால் சக்கர விளிம்பு கிராசிங்கின் மூக்கை, அதாவது கூர்முனையை, முட்டும். ஒரே சொல் இரண்டுக்கும் வருகிறது.

19.2-இல் தடம் போடுகிறவர்களுக்கு: எச்ஓ சக்கரத்தையே பயன்படுத்தினால் அதே 2.1 மி.மீ. வித்தியாசம் வைத்து, சக்கர உள்ளகலம் 17.1. சக்கரத்தின் தடிப்பு 2.8 என்றால் வெளியளவு 22.7, போகிச் (பெட்டியின் அடியில் சக்கரங்களைத் தாங்கும் அமைப்பு) சட்டத்தின் உள்பக்கத்தைச் சிறிது அராவ வேண்டியிருக்கும். பெட்டிகளுக்கு இது முடிகிற வேலை. எஞ்சினில் பல்சக்கரப் பெட்டியும் அச்சும் புதிதாகச் செய்ய வேண்டும். பலர் அங்கேதான் நின்றுவிடுகிறார்கள். தண்டவாளத்தைத் தாங்கும் கான்கிரீட் ஸ்லீப்பர் 2.75 மீட்டர் நீளம், ஆகவே 31.6 மி.மீ.; கிலோமீட்டருக்கு 1660 வீதம் என்றால் நடுவுக்கு நடு 6.9 மி.மீ.

– பொன்மேனி

---

குறுக்கமும் உள்ளகலமும் பிரிந்துவிட்டால் கணக்கைத் திருப்பியும் போடலாம். கடையில் கிடைக்கும் 16.5 தடம் எந்தக் குறுக்கத்தில் நம் அகலப்பாதை ஆகும்? 1676-ஐ 16.5-ஆல் வகுத்தால் 101.6. இது புதிய எண் அல்ல. அடிக்கு 3 மி.மீ. என்ற பழைய பிரிட்டிஷ் டிடி (TT) மாதிரி வகையின் குறுக்கம்தான். ஐந்தரை அடி, அடிக்கு 3 மி.மீ., 16.5. துல்லியம். 21.3 மீட்டர் ஐசிஎஃப் பெட்டி 210 மி.மீ. ஆகும், மேசையில் இடமும் மிச்சம். குறை: இந்தக் குறுக்கத்தில் நம் வண்டிகளின் உடல், போகி எல்லாவற்றையும் கையால்தான் செய்ய வேண்டும்.

மதுரை–போடி வழித்தடத்தைச் செய்கிறவருக்கு இரண்டு உள்ளகலமும் வேண்டும். 1928-இல் திறந்தது மீட்டர் பாதை. 2010 கடைசியில் நிறுத்தி, அகலப்பாதையாக 2023 ஜூனில் போடி வரை வந்தது. பழைய காலத்தைக் காட்ட, குறுக்கம் 87.1-இல் எச்ஓஎம் (HOm, எச்ஓ வகையின் மீட்டர் பாதை) தடம் 12 மி.மீ.; கணக்கு 11.5 கேட்கிறது, அரை மில்லி பிசகு கண்ணுக்குத் தெரியாது. குறுக்கம் 101.6-இல் வேண்டியது 9.84, கடையில் உள்ள ‘என்’ (N) வகைத் தடம் 9. அது மூன்றடிப் பாதையாகிவிடும், மீட்டருக்கு 86 மி.மீ. குறைவு. இது கண்ணுக்குத் தெரியும். ஆகவே மீட்டர் பாதைக்காரர் 87.1-இல் இருப்பதே மேல்.

பெட்டியின் மேலே எழுத ஒரு வடிவம்: ‘குறு. 87.1 / உள். 12’. மறுப்பு உள்ளவர் சொல்லுங்கள். ‘வண்டி வரம்பு’ எனக்கு இன்னும் ஒட்டவில்லை. ‘வண்டிப் புறவரம்பு’ என்று யோசிக்கிறேன்.

– திருநகர்