2010 கேமேன் எஸ்: மேனுவலா, பிடிகேயா? இடது முழங்கால் சரியில்லாதவனின் கேள்வி

முழங்கால்காரன்:

ரொம்ப நாள் மனதுக்குள்ளேயே புரட்டிவிட்டுக் கேட்கிறேன். பழைய போர்ஷே கேமேன் எஸ் ஒன்று வாங்கப் போகிறேன். இரண்டு வண்டிகள் கண்ணுக்குள் நிற்கின்றன. இரண்டுமே 2010, இரண்டிலும் அதே 3.4 லிட்டர், ஆறு சிலிண்டர், 320 குதிரைசக்தி. ஒன்று ஆறு கியர் மேனுவல், 98,000 கிலோமீட்டர் ஓடியது, மூன்று கை மாறியது. இன்னொன்று ஏழு கியர் பிடிகே (கிளட்ச் பெடல் இல்லாமல் தானே கியர் மாற்றும் போர்ஷேயின் கியர்பாக்ஸ்), 61,000 ஓடியது, ஒரே உரிமையாளர், சர்வீஸ் பில் ஒன்றுவிடாமல் கோப்பில் இருக்கிறது. நிறம் மேனுவல் வண்டியில்தான் எனக்குப் பிடித்திருக்கிறது. இதைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று தெரியும், ஆனாலும் சொல்லிவைக்கிறேன்.

பதினெட்டு வருடம் மேனுவல் மட்டுமே ஓட்டியவன் நான். மூன்று வருடத்துக்கு முன் இடது முழங்காலில் ஜவ்வு கிழிந்து அறுவை சிகிச்சை. அன்றிலிருந்து ஆட்டோமேட்டிக்தான். இப்போது நன்றாக நடக்கிறேன். மாடிப்படி இறங்கும்போது மட்டும் கால் தன்னை ஞாபகப்படுத்தும். வாரத்தில் ஐந்து நாள் அலுவலகத்துக்கு ஒரு மணி நேரப் பயணம், அதில் பாதி ஊர்ந்து போவது. ஞாயிறு காலையில் மட்டும் வளைவுகள் நிறைந்த காலிச் சாலை.

எதை வாங்கினாலும் கொஞ்சம் வருந்துவேன் என்று தெரிகிறது. எது சின்ன வருத்தம்? அதைத்தான் கேட்கிறேன்.

ரெவ்லிமிட்:

மேனுவல். இதில் யோசிக்க என்ன இருக்கிறது நண்பரே? கம்பெனியே ஒருமுறை சூடு பட்டுத் திருந்திய கதை இது. 2013இல் 911 ஜிடி3 என்ற தங்கள் பந்தய ரக காரை பிடிகேயில் மட்டும் விற்றார்கள். வாடிக்கையாளர்கள் புலம்பிய புலம்பலில் 2016இல் மேனுவல் மட்டும் கொண்ட 911 ஆர் வந்தது, மொத்தமே 991 வண்டிகள். அடுத்த வருடம் ஜிடி3யிலும் மேனுவலைத் திரும்பக் கொடுத்தார்கள். ஃபெராரி எஃப்430இல் கேட் (கியர் கம்பி நகர வெட்டிய உலோகத் தட்டு) வைத்த மேனுவலுக்கும், ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருக்கும் பேடிலை விரலால் இழுத்து கியர் மாற்றும் வண்டிக்கும் இன்று விலையில் எவ்வளவு தூரம் என்று பாருங்கள். பத்து வருடம் கழித்து விற்கும்போது என்னை நினைப்பீர்கள்.

கிரீஸ்கை:

ரெவ்லிமிட் தம்பி சொல்வது ஜிடி3க்குச் சரி. இவர் அலுவலகம் போக வண்டி கேட்கிறார். விற்கும் நாளை நினைத்துக்கொண்டே தினமும் ஓட்ட முடியுமா?

முதலில் ஒரு விஷயம். “ஆட்டோமேட்டிக்” என்று ஒரே ஒரு சாமான் கிடையாது. இதே கேமேனில் 2008 வரை வந்தது டிப்ட்ரானிக், ஐந்து கியர், டார்க் கன்வர்ட்டர் வகை, அதாவது கிளட்சுக்குப் பதில் ஆயில் வழியாக எஞ்சின் விசையைக் கடத்துவது. நீங்கள் மிதித்தபின் அது யோசித்துவிட்டுத்தான் கிளம்பும். அதை வைத்துக் கேட்டிருந்தால் நானும் மேனுவல் என்றுதான் சொல்லியிருப்பேன். 2009இலிருந்து வந்த பிடிகே வேறு ஜாதி. உள்ளே இரண்டு கிளட்ச். ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு ஒரு கிளட்சில், இரண்டு, நான்கு, ஆறு மறு கிளட்சில். நீங்கள் மூன்றில் போகும்போதே நான்கு தயாராகக் கோர்த்து நிற்கும். ஒரு கிளட்ச் விடும்போது மறு கிளட்ச் பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான் கியர் மாற்றம். புத்தகக் கணக்கில் 100ஐத் தொட மேனுவலுக்கு 5.2 நொடி, பிடிகேக்கு 5.1. எனவே வேகத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள், அதில் ஒன்றும் இல்லை.

இனி வண்டியைப் பார்க்கும் விதம். மேனுவல் வண்டியின் எஞ்சின் நீங்கள் போகும்போது ஆறியிருக்க வேண்டும். முதல் கால் மணி நேரத்தில் ஒன்றிலிருந்து இரண்டுக்கு மாற்றுங்கள். கொஞ்சம் கடினமாக விழுந்தால் பரவாயில்லை, கியர் ஆயில் குளிர்ந்திருக்கும். கரகரவென்று அரைத்தால் சின்க்ரோ (கியர்கள் கோர்க்கும் முன் அவற்றின் வேகத்தைச் சமமாக்கும் வளையம்) தேய்ந்திருக்கிறது. அப்புறம் நான்காவது கியரில் மெதுவாகப் போய் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதியுங்கள். எஞ்சின் சத்தம் மட்டும் ஏறி வண்டி ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. நின்றபடி கிளட்சை மிதித்தும் விட்டும் காது கொடுங்கள். கடகடப்பு கேட்டால் ஃப்ளைவீலையோ பேரிங்கையோ சந்தேகப்படலாம்.

மேனுவலில் இன்னொரு ஆபத்து, பலர் மறந்துபோவது. ஐந்திலிருந்து நான்குக்கு இறக்கும் வேகத்தில் கை தவறி இரண்டில் போட்டுவிட்டால் சக்கரமே எஞ்சினைச் சிவப்புக் கோட்டைத் தாண்டி இழுத்துவிடும். பிடிகே அந்தத் தவறைச் செய்ய விடாது, கியரை மறுத்துவிடும். இந்த வண்டிகளின் கம்ப்யூட்டர் அதிக ரெவ் (எஞ்சின் சுழலும் வேகம்) போனதை வரம்பு வரம்பாக எண்ணி வைத்திருக்கும், கடைசியாக எத்தனையாவது மணி நேர ஓட்டத்தில் நடந்தது என்பதோடு. மூன்று கை மாறிய வண்டி என்கிறீர்கள். அந்தக் கணக்கைப் படித்துப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

பிடிகேயில்: நடை வேகத்தில் ஊர்ந்து பாருங்கள், உதறக் கூடாது. ரிவர்ஸிலிருந்து டிரைவுக்கு மாற்றினால் தயங்கக் கூடாது. எரர் கோடு எல்லாம் படித்துப் பாருங்கள். கிளட்ச் ஆயில் மாற்றிய பில் இருக்கிறதா என்று பாருங்கள். கியர்பாக்ஸ் கெட்டால் மேனுவலைவிட செலவு அதிகம், அதை மறைக்க மாட்டேன்.

இரண்டுமே 2009க்குப் பிந்தைய எஞ்சின். பழைய கேமேன்களைப் பற்றி எல்லாரும் பயமுறுத்தும் ஐஎம்எஸ் பேரிங் (எஞ்சினுக்குள் இருக்கும் இடைத்தண்டின் பேரிங்) கவலை உங்களுக்கு இல்லை.

ஞாயிறுச்சக்கரம்:

நான் இரண்டு பக்கமும் அடிபட்டவள். என் முதல் ஸ்போர்ட்ஸ் கார் ஒற்றைக் கிளட்ச் வகை, கிளட்சை ஹைட்ராலிக் பம்ப் இயக்கும், பெடல் கிடையாது. கம்பெனி பெயர் வேண்டாம். ஒவ்வொரு கியருக்கும் தலை முன்னால் ஆடும். சிக்னலில் நிற்கும்போது பம்ப் போய், நியூட்ரலில் நின்றது நின்றதுதான். என் மாமியார் பக்கத்தில் இருந்தார். இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவார்.

அந்தக் கோபத்தில் மேனுவல் வாங்கினேன். முதல் மாதம் கடைக்குப் போகக்கூட அதுதான். மூன்றாவது மாதத்திலிருந்து நெரிசல் நேரத்தில் சாவியை எடுக்கவே கை போகவில்லை. இப்போது பெயருக்கு ஏற்ற மாதிரி ஞாயிறு மட்டும். எனக்கு அது போதும், வீட்டில் இன்னொரு வண்டி இருக்கிறது. உங்களுக்கு?

ஒன்று செய்யுங்கள். மேனுவலைக் காலிச் சாலையில் ஓட்டிப் பார்க்காதீர்கள், அங்கே யாருக்கும் பிடிக்கும். சாயங்கால நெரிசலில் ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். அன்று பதில் தேடாதீர்கள். மறுநாள் காலை மாடிப்படி இறங்கும்போது முழங்கால் சொல்லும்.

முழங்கால்காரன்:

எல்லாருக்கும் நன்றி. இரண்டையும் ஓட்டிவிட்டேன்.

மேனுவல் வண்டிக்காரரிடம் எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் வையுங்கள் என்று சொல்லியும், போனால் பின்பக்கம் சூடாக இருந்தது. “சும்மா கழுவ எடுத்தேன்” என்றார். அடுத்த நாள் விடியற்காலையில் சொல்லாமல் போய் நின்றேன். இரண்டாவது கியர் கொஞ்சம் கடினமாக விழுந்தது, அரைக்கவில்லை. ரெவ் கணக்கையும் படித்துப் பார்த்தோம். கீழ் வரம்புகளில் கொஞ்சம், மேல் வரம்புகளில் சுத்தமாக இல்லை. அவர் மேல் பட்ட சந்தேகம் வீண்.

முதல் சிக்னலிலேயே கிளட்சைத் தவறாக விட்டு வண்டியை ஆஃப் செய்துவிட்டேன். பதினெட்டு வருட அனுபவம் என்று மேலே எழுதியதை அழிக்கலாமா என்று யோசித்தேன். ஆனால் சாலை திறந்ததும் மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கி, இடையில் ஆக்சிலரேட்டரை ஒரு தட்டு தட்டியபோது அது சரியாகப் போய் உட்கார்ந்தது பாருங்கள். வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். விற்பவரும் சிரித்தார்.

அப்புறம் நெரிசல். கிளட்ச் நான் நினைத்த அளவுக்குக் கனமில்லை. அரை கிளட்சில் பிடித்து நிற்பதுதான் வேதனை, மிதிப்பது இல்லை. நாற்பது நிமிடத்தில் காலை எங்கே வைப்பது என்று தேட ஆரம்பித்தேன். மறுநாள் மாடியிலிருந்து பக்கவாட்டாக இறங்கினேன். ஞாயிறுச்சக்கரம் அக்கா, உங்கள் சோதனை கொடுமையானது, சரியானது. வீட்டில் இருக்கும் ஆட்டோமேட்டிக்கை என் மனைவி வேலைக்கு எடுத்துப் போகிறாள், எனவே உங்கள் வழி எனக்கு இல்லை.

பிடிகேயை அதே சாலையில் அதே நேரத்தில் ஓட்டினேன். உதறல் இல்லை, தயக்கம் இல்லை. சாதாரண டிரைவில் விட்டால் அவசர அவசரமாக ஏழாவது கியருக்குப் போய்ப் படுத்துக்கொள்கிறது. அந்த நேரத்தில் இது ஸ்போர்ட்ஸ் கார் என்பதே மறந்துபோய், மறுநாள் மீட்டிங்கைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன். ஸ்போர்ட் பொத்தானை அழுத்தியதும் விழித்துக்கொண்டது. கையால் மாற்றும்போது வேகம் அபாரம், ஆனால் அதில் பேடில் இல்லை. ஸ்டியரிங் மேல் இருக்கும் பொத்தானை முன்னாலிருந்து தள்ளினால் கியர் ஏறும், பின்னாலிருந்து இழுத்தால் இறங்கும், இரண்டு கைக்கும் ஒரே மாதிரி. வளைவின் நடுவில் இறக்க நினைத்து ஏற்றிவிட்டேன், இரண்டு முறை.

பிடிகேக்கு முன்பணம் கொடுத்துவிட்டேன். அந்த மூன்றிலிருந்து இரண்டு இன்னும் உள்ளங்கையில் இருக்கிறது, பொய் சொல்லவில்லை.

கிரீஸ்கை அண்ணா, இதில் பேடில் வைத்த ஸ்டியரிங் மாட்ட முடியுமா?

கிரீஸ்கை:

முடியும், அந்தக் காலத்திலேயே ஆப்ஷனாக வந்தது. உங்கள் வண்டியின் வருடத்துக்குப் பொருந்தும் ஸ்டியரிங், அதற்குரிய ஏர்பேக் இரண்டையும் சேர்த்துத் தேடுங்கள். ஏர்பேக் வேலை என்பதால் வீட்டில் கழற்ற வேண்டாம், தெரிந்தவர் பேட்டரியைத் துண்டித்துவிட்டுச் செய்யட்டும். நெரிசலில் ஒவ்வொரு அடியாக ஊராமல் கொஞ்சம் இடைவெளி விட்டு நகருங்கள். மேட்டில் ஆக்சிலரேட்டரால் பிடித்து நிற்காதீர்கள், பிரேக்கை மிதியுங்கள். பிடிகேக்குள்ளும் கிளட்ச்தான் இருக்கிறது.

ரெவ்லிமிட்:

சரி, விடுங்கள். அந்த மேனுவல் வண்டிக்காரர் எண்ணைத் தனிமடலில் எனக்கு அனுப்ப முடியுமா?