மில்லுக்கு நோட்டீஸ்: மொதல்ல வக்கீலா, தொட்டி கட்ட கொத்தனாரா?

அம்பை மில்காரன்:
அண்ணாச்சிமாரே ஒரு யோசனை சொல்லுங்க. அம்பாசமுத்திரம் பக்கம் நமக்கு புழுங்கல் அரிசி மில்லு, அப்பா காலத்துல இருந்து ஓடுது. போன மாசம் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துல இருந்து நெல்லு ஊறப்போட்ட தண்ணிய சாம்பிள் எடுத்துட்டுப் போனாங்க, இப்போ பிஓடி (தண்ணில இருக்க கழிவோட அளவு) கூடுதலா இருக்கு, கன்சென்ட்டும் (மில்லு ஓட்ட வாரியம் தார அனுமதி) முடிஞ்சிருச்சு, ஏன் மில்ல மூடி கரண்ட்ட கட் பண்ணக் கூடாதுன்னு 15 நாள்ல பதில் கேட்டு நோட்டீஸ். கன்சென்ட் புதுப்பிச்சு தாரேன்னு துட்டு வாங்குன ஆளு போனே எடுக்க மாட்டேங்காரு. வக்கீல் வைங்காங்க, மச்சான் என்னன்னா வக்கீல் பீஸுக்கு கழிவுத் தண்ணிக்கு ஒரு தொட்டிய கட்டிப் போடுங்கான்.

கடைமடைக்காரன்:
மச்சானுக்கு மூளை இருக்கு. நான் கன்னடியன் கால்வாய் பாசனம். உங்கள மாதிரி மில்லு தண்ணி ஓடையில விழுந்து எங்க வாய்க்காலுக்கு வரும்போது அந்த புளிச்ச நாத்தம் இருக்கே, வயல்ல எறங்குன பொம்பளயாளுக கால் சொறியுதுன்னு சொல்லுதாங்க. வக்கீல் வந்து நாத்தத்த எடுப்பாரா?

கறுப்புக்கோட்டு பாளை:
வேய், கோவப்படாதீரு. நோட்டீஸுக்கு பதில் போடாம தொட்டி கட்டிட்டு இருந்தா, சிமெண்ட் காயுததுக்குள்ள 1974 தண்ணிச் சட்டம் 33ஏ பிரிவுல மூடச் சொல்லி ஆர்டர் வந்துரும், கரண்ட்டும் போயிரும். அதே சட்டத்துல 21வது பிரிவுன்னு ஒண்ணு இருக்கு. சாம்பிள உங்க ஆள் முன்னால ரெண்டா பங்கு வச்சு, சீல் வச்சு, ரெண்டு தரப்பும் கையெழுத்து போடணும். அந்த முறை தப்புனா ரிசல்ட் கோர்ட்ல சாட்சியமா நிக்காது. மில்காரரே, சாம்பிள் எடுக்கும்போது நீங்க இருந்தீங்களா?

அம்பை மில்காரன்:
நான் தென்காசியில ஒரு கல்யாண வீட்டுல இருந்தேன்

கறுப்புக்கோட்டு பாளை:
அப்போ பிடி கிடைச்சிருச்சு

கடைமடைக்காரன்:
இதத்தான் சொல்லுதேன். சீல் சரியில்லன்னா தண்ணி சுத்தமாயிருமா? இந்த ஊர்ல சட்டம் தெரிஞ்சவன் பூரா ஓட்டை தேடுதான், நாங்க நாத்தத்துக்கு மூக்கப் பொத்திட்டு நிக்கோம்.

கறுப்புக்கோட்டு பாளை:
ஓட்டை இல்ல ஓய், அது பாதுகாப்பு. நாளைக்கு உம்ம கெணத்துத் தண்ணிய எடுத்துட்டுப் போயி வேற பாட்டில் ரிசல்ட்ட காட்டுனா நீரும் இதே பிரிவத்தான் தேடுவீரு.

பேட்டை ஃபிட்டர்:
குறுக்க வாரேன். எல்லாரும் தண்ணி தண்ணிங்கீக, பாயிலர் சர்ட்டிபிகேட் எப்போ முடியுதுன்னு யாராச்சும் கேட்டீகளா? வருஷா வருஷம் புதுப்பிக்கணும். உமி தள்ளுத பயலுக்கு கையுறை உண்டா? தண்ணிக்கு வாரவங்க அதையும் பாத்துட்டுத்தான் போவாங்க. இன்னொண்ணு, அடிபட்ட தொழிலாளிக்கு 1987 சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி இலவச வக்கீல் உண்டு, மொதலாளிதான் தன் வக்கீலுக்கு சொந்தத் துட்டு கொடுக்கணும். மில்லு ஆச்சி பேர்ல இருந்தா ஆச்சியும் கேக்கலாம், பொம்பளைகளுக்கு வருமானக் கணக்கு கெடையாது :)

அம்பை மில்காரன்:
ஒண்ணு சொல்லணும். இப்போதான் கணக்குப்பிள்ளைகிட்ட கேட்டேன். ரெண்டு பாட்டில்ல எடுத்து சீல் வச்சதா சொல்லுதாரு, அவர்தான் கையெழுத்து போட்டிருக்காரு. பேப்பர் டிராயர்லயே கெடந்துருக்கு, எங்கிட்ட சொல்லவே இல்ல.

கறுப்புக்கோட்டு பாளை:
போச்சு. ஓனரோட ஏஜென்ட் இருந்தாலே போதும்னு அதே பிரிவுல இருக்கு.

கடைமடைக்காரன்:
😂 பிடி வழுக்கிருச்சா வக்கீலய்யா

கறுப்புக்கோட்டு பாளை:
சிரியும். ஆனா வக்கீல் வேல ஓட்டை தேடுதது மட்டுமில்ல, எங்க போகணும்னு சொல்லுததும்தான். ஸ்டெர்லைட்ட பாரும், துட்டுக்கோ வக்கீலுக்கோ பஞ்சமா? 2018 டிசம்பர்ல பசுமைத் தீர்ப்பாயத்துல ஜெயிச்சாங்க, 2019 பிப்ரவரில சுப்ரீம் கோர்ட் அந்த தீர்ப்பாயத்துக்கு இத விசாரிக்க அதிகாரமே இல்லன்னு ரத்து பண்ணிட்டு ஹைகோர்ட்டுக்கு போகச் சொல்லுச்சு. 2020ல அங்கயும் தோல்வி, 2024ல சுப்ரீம் கோர்ட்லயும் தோல்வி. உங்களுக்கு மூடுத ஆர்டர் வந்தா 30 நாளுக்குள்ள சென்னை தீர்ப்பாயத்துல அப்பீல், தக்க காரணம் இருந்தா மேல 60 நாள், அதோட கதவு சாத்திரும்.

கடைமடைக்காரன்:
அவங்களே அத்தன வருஷம் அலைஞ்சும் தெறக்க முடியல, இவரு நெல்லு அவிப்பாரா சென்னைக்கு பஸ் ஏறுவாரா? இருக்கத இருக்குன்னு எழுதிக் கொடுங்க. கன்சென்ட்டுக்கு ஆன்லைன்ல இன்னிக்கே போடுங்க, தொட்டிக்கு அட்வான்ஸ் கொடுத்த ரசீத பதிலோட சேருங்க, மூணு மாசம் டைம் கேளுங்க.

கறுப்புக்கோட்டு பாளை:
இத நானும் ஒத்துக்கிடுதேன், ஆனா அந்தப் பதில நீங்களா எழுதாதீங்க. "ஆமா இத்தன வருஷமா ஓடையிலதான் விட்டோம்"னு ஒரு வரி எழுதிட்டீங்கன்னா பழைய வருஷத்துக்கும் சேத்து கணக்கு போடுவாங்க. 2024 திருத்தத்த ஏத்துக்கிட்ட மாநிலங்கள்ல அபராதம் 10,000 ரூபாயில இருந்து 15 லட்சம் வர.

கடைமடைக்காரன்:
விட்டது உண்மதான?

கறுப்புக்கோட்டு பாளை:
உண்மைய எப்படி எழுதணும்னுதான் சொல்லுதேன்.

அம்பை மில்காரன்:
ரெண்டு பேரும் சண்ட போடாதீக. வக்கீலய்யா, திங்கக்கிழம நோட்டீஸோட பாளைக்கு வாரேன். கடைமடை அண்ணாச்சி, தொட்டிய ஓடைக்கு எந்தப் பக்கம் கட்டணும்னு ஒரு எட்டு வந்து பாத்து சொல்லுவீகளா, மழைக்கு எங்க வழியும்னு எனக்கே சரியா தெரியல.

கடைமடைக்காரன்:
ஞாயித்துக்கெழம காலைல வாரேன். கணக்குப்பிள்ளையயும் இருக்கச் சொல்லும்.